செட்டிநாட்டுக் கல்யாணத்துக்குப் பூ அலங்காரம் செய்யத் தொடங்குபவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் வட்டாரத்தில் கல்யாணப் பூ அலங்காரத்தைச் சொந்தத் தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடை வாடகை, பெரிய முதலீடு இல்லாமல் வீட்டின் பின்கட்டில் இருந்தே தொடங்கிவிடலாம். ஆனால் பெருநகரத்து மண்டபங்களில் கற்ற வேலையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரியாக வராது. மண்டபத்தில் வெறும் சுவர்தான் இருக்கும், அதை மறைப்பதே அலங்காரம். இங்கே பல கல்யாணங்கள் தாத்தா, பாட்டன் காலத்தில் கட்டிய வீடுகளில் நடக்கின்றன. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, நிலைக்கதவுச் சிற்பம் எல்லாமே ஏற்கனவே அலங்காரம்தான். அவற்றோடு போட்டிக்கு நிற்கும் பூ எடுபடாது. முதலில் வீட்டைப் பாருங்கள், அடுத்து சடங்கின் நேரத்தைப் பாருங்கள், பூ எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பாருங்கள். வடிவம் அதற்கப்புறம்தான்.

1. முதலில் கையால் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள்

கத்தரிக்கோலும் ஓயாசிஸ் பஞ்சும் (தண்ணீரில் ஊறவைத்துப் பூத்தண்டு குத்தும் பஞ்சு) வாங்குவதற்கு முன்னால் நாரில் பூக்கட்ட உட்காருங்கள். உங்கள் ஊர்க் கோயில் வாசலில் பூக்கட்டும் அக்காவிடம் போய்ச் சொல்லிக்கொடுக்கக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வாழைநாரைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிழிப்பது, மல்லிகையை நெருக்கமாகத் தொடுப்பது, கதம்பம் கட்டுவது, சம்பங்கியை ஊசியில் கோத்து மாலையாக்குவது, மரிக்கொழுந்தை இடையில் வைத்து நெரிக்காமல் முடிவது ஆகிய ஐந்தும் கைக்கு வர வேண்டும்.

பின்னாளில் நீங்களே உட்கார்ந்து கட்டப் போவதில்லை, ஆள் வைத்துத்தான் கட்டுவீர்கள். இருந்தாலும் ஒரு கிலோ மல்லி மொட்டு நெருக்கமாகக் கட்டினால் எத்தனை முழம் வரும், தளர்த்திக் கட்டினால் எத்தனை முழம், அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்கள் கையால் கட்டிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். விலை சொல்லும்போது அந்த நோட்டுதான் உங்களைக் காப்பாற்றும். கட்டத் தெரியாதவர்கள் ஆள்கணக்கைக் குத்துமதிப்பாகப் போட்டு, கடைசி இரவில் கை போதாமல் திண்டாடுவதை ஒவ்வொரு முகூர்த்தத்திலும் பார்க்கிறேன்.

இதோடு ஒரு முகூர்த்தப் பருவம் முழுவதும் ஏதாவது ஓர் அலங்காரக்காரரிடம் உதவியாளாகப் போங்கள். ஏணி பிடிப்பது, இலை கழுவுவது, விடியற்காலையில் வாழைமரம் கட்டுவது என எந்த வேலை கிடைத்தாலும் சரி. கூலி குறைவாக இருக்கும். ஆனால் ஓர் இரவில் எது எதற்கு முன்னால் நடக்க வேண்டும் என்ற வரிசையை வேறு எங்கும் கற்க முடியாது.

2. வீட்டைப் படியுங்கள்

தெருவில் இருந்து நுழைந்தால் திண்ணையோடு முகப்பு, அதைத் தாண்டி வானம் பார்த்த முற்றத்தோடு வளவு, அதைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும், அப்புறம் பந்தி நடக்கும் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி, கொல்லை. இதுதான் பொதுவான அமைப்பு. பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தலைவாசலில் நின்றால் நேர்கோட்டில் வாசலுக்குள் வாசலாகப் பின்கட்டு வரை தெரியும். அந்தக் கோடுதான் வீட்டின் அழகு. அதன் குறுக்கே பூவளைவு நிறுத்தாதீர்கள். கோட்டின் இரண்டு பக்கமும் பூ போகட்டும், நடுவில் கண் தடையில்லாமல் போகட்டும்.

நிலைக்கதவின் மேல்விட்டத்தில் பெரும்பாலும் கஜலட்சுமி சிற்பம் இருக்கும். தோரணத்தை அதற்கு மேலேயோ இரண்டு பக்கமோ கட்டுங்கள். லட்சுமி முகத்தை மறைத்துச் செவ்வந்திச் சரம் தொங்குவதை வீட்டுப் பெரியவர்கள் ஒருநாளும் விரும்ப மாட்டார்கள், அவர்கள் வாயால் சொல்லாவிட்டாலும்.

சுவர்கள் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியவை. இன்றைக்கு அந்தப் பூச்சைச் செய்யத் தெரிந்த கொத்தனார்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் ஆணி, இருபக்க ஒட்டுநாடா, பசை எதையும் சுவரில் தொடவிடக் கூடாது. தூணில் கட்டுவதாக இருந்தால் முதலில் பழைய பருத்தித் துணியைச் சுற்றி, அதன் மேல் சணல் கயிறு. கட்டுக்கம்பி நேராக மரத்தில் படக் கூடாது. கனமான அலங்காரம் எல்லாம் தன் காலில் நிற்கும் சட்டத்தில்தான் வர வேண்டும். சவுக்குக் கம்பு, மூங்கில், இரும்புச் சட்டம் எதுவானாலும் அடியில் சாக்கும் ரப்பர் விரிப்பும் போடுங்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் கையில் வார்த்த கல், ஈரத்தை உறிஞ்சும். நனைந்த இரும்புக் காலின் துருவும், மிதிபட்ட செண்டுப் பூவின் மஞ்சளும், எண்ணெயும் அதில் ஏறினால் எளிதில் போகாது. ஏணிக்காலுக்கும் துணி சுற்றுங்கள்.

வளவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் சறுக்குவது அங்கேதான். முற்றத்துக்கு மேல் பந்தல் போடுகிறார்களா இல்லையா என்பதை முதல் பேச்சிலேயே கேளுங்கள். திறந்த முற்றம் என்றால் காலை பத்து மணிக்கு மேல் வெயில் நேராக இறங்கும். எந்த மூலையில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று ஒரு நாள் காலையில் போய் நின்று பாருங்கள். அந்த மூலையில் டச் ரோஸ் வைக்காதீர்கள். செவ்வந்தி, செண்டு, கோழிக்கொண்டை, வாடாமல்லி போன்ற வெயில் தாங்கும் பூக்களை வையுங்கள். முற்றத்து மூலையில் மழைநீர் போகும் துளை இருக்கும். அதன் மேல் கண்ணி நெருக்கமான வலை ஒன்றைப் போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணத்தில் திடீர் மழை வந்து, இதழ் அடைத்து வளவே குளமானால் சடங்குக்கு இடம் இருக்காது.

பழைய மின்கம்பிகளை நம்பி விளக்குப் போட வேண்டாம். எல்இடி விளக்கும் தனி ஜெனரேட்டரும் பந்தல்காரர் பொறுப்பு. ஆனால் சூடான விளக்கு எதுவும் பூவுக்குப் பக்கத்தில் வராமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

அனுமதி விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த வீடுகளில் பலவற்றுக்குப் பங்காளிகள் நிறைய. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் மலேசியாவில் இருப்பார். கல்யாண வீட்டார் சரி என்று சொன்னாலும், எந்த அறை யாருடையது, எதைத் திறக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குத்தான் தெரியும். அவரிடம் முதலில் போய்ப் பேசுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். வேலை தொடங்கும் முன் தூண், தரை, சுவர் எல்லாவற்றையும் அவரை வைத்துக்கொண்டே படம் எடுத்து வையுங்கள். ஏற்கனவே இருந்த கீறலுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வராது.

3. வீட்டாரிடம் கேட்க வேண்டியவை

முதல் சந்திப்பில் நிறம், பாணி என்று தொடங்காதீர்கள். சடங்குகளையும் நேரத்தையும் கேளுங்கள். மாப்பிள்ளை அழைப்பு எப்போது, எங்கிருந்து? திருப்பூட்டுவது (தாலி கட்டுவது) எந்த இடத்தில், கிழக்கு எந்தப் பக்கம்? பெண்ணும் மாப்பிள்ளையும் எங்கே நிற்பார்கள், எங்கே உட்காருவார்கள்? பெரியவர்கள் விழுந்து கும்பிட இடம் எவ்வளவு வேண்டும்? நாதஸ்வரக்காரர்கள் எங்கே உட்காருவார்கள்? இவற்றுக்குப் பதில் வந்துவிட்டால் பாதி வடிவம் தானாக அமைந்துவிடும்.

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடென்றால் கோயில் மாலையைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோயில்கள். எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களோ அந்தக் கோயிலில் இருந்து கல்யாணத்துக்கு மாலை வரும். அதுதான் முதல் மாலை, நீங்கள் கட்டும் மாலை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு அடுத்துத்தான். "ஆச்சி, கோயில் மாலை எத்தனை மணிக்கு வருது, எங்கே வைக்கணும்?" என்று கேட்டுவிட்டு, அதற்கென ஒரு தாம்பாளமும் நிழலான இடமும் உங்கள் திட்டத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்பவரை ஆச்சிமார் நம்பத் தொடங்குவார்கள்.

சில வீடுகளில் மாலை கட்டும் உரிமை வழிவழியாக ஒரு பூக்காரர் குடும்பத்துக்கு இருக்கும். அங்கே மாலை வேலையை நீங்கள் கேட்டு வாங்கக் கூடாது. அவர்களையே கட்டச் சொல்லிவிட்டு, மற்ற அலங்காரத்தை நீங்கள் பாருங்கள்.

பணம் கொடுப்பவர் ஒருவர், முடிவு சொல்பவர் இன்னொருவர் என்பது இங்கே சாதாரணம். அப்பச்சி (அப்பா) கணக்குப் பார்ப்பார், பெண் கைபேசியில் படம் காட்டும், கடைசியில் வீட்டு மூத்த ஆச்சி ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். மூவரும் ஒன்றாக இருக்கும்போது ஒருமுறையாவது பேசிவிடுங்கள்.

பெண் காட்டும் படத்தில் பெரும்பாலும் வெளிநாட்டுப் பூக்கள் இருக்கும். பியோனி, ஹைட்ராஞ்சியா என்று கேட்கும். கிடைக்காது என்று ஒரே வார்த்தையில் சொல்லி முகத்தை வாட வைக்க வேண்டாம். படத்தில் அந்தப் பெண்ணுக்குப் பிடித்தது என்ன என்று கேளுங்கள். அடுக்கடுக்காகத் திரண்ட இதழ் பிடித்திருக்கிறதா? இதழ்களை உள்ளே மடித்த தாமரை அதைக் கொடுக்கும். வெள்ளைத் திரள் பிடித்திருக்கிறதா? கொத்தாகச் சேர்த்த சம்பங்கியும் இடையில் ஜிப்ஸி என்ற பொடி வெள்ளைப் பூவும் வையுங்கள், வாசனையும் சேர்ந்து வரும். எங்கள் ஊர்ப் பூவில் செய்ய முடியாத அழகு மிகக் குறைவு என்பது என் உறுதியான நம்பிக்கை. வீட்டிலேயே இருக்கும் பித்தளை உருளி, அண்டா, தவலை இவற்றைக் கேட்டு வாங்கிப் பூ வையுங்கள். வாடகைக் கண்ணாடிச் சாடியைவிட இந்த வீட்டில் அவைதான் பொருந்தும். உள்ளே ஒரு சிறு வாளியை வைத்து அதில் தண்ணீர் ஊற்றினால் பாத்திரம் கறுக்காது.

செட்டிநாட்டில் எல்லாக் கல்யாணமும் நகரத்தார் கல்யாணம் அல்ல. நிக்காஹ்வுக்கு மாப்பிள்ளை மாலையும் மேடையும், தேவாலயத் திருமணத்துக்குக் கைச்செண்டும் கார் அலங்காரமும் கேட்டு வருவார்கள். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் ஆண்டு முழுவதும் உண்டு. தொடங்குபவர்களுக்கு அறுபதாம் கல்யாணம் நல்ல பள்ளிக்கூடம். அளவு சிறியது, வீட்டார் பதற்றமும் குறைவு.

4. பஞ்சாங்கமும் பூ விலையும்

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அந்த மாதங்களில் சட்டம் வெல்டிங், சாமான் வாங்குவது, படம் தொகுப்பது, அடுத்த பருவத்துக்கு ஆள் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பஞ்சாங்கம் வந்ததும் முகூர்த்த நாட்களை எல்லாம் குறித்துவிடுங்கள். ஒரே நாளில் ஊரெல்லாம் கல்யாணம் என்றால் பூவும் கிடைக்காது, பூக்கட்டும் கையும் கிடைக்காது.

மல்லிகை பங்குனியில் இருந்து வைகாசி வரை தாராளமாக வரும். பனிக்காலத்தில் வரத்து சுருங்கி, தை மாத முகூர்த்தத்தில் விலை பல மடங்கு ஏறும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிதான் வேண்டும் என்று தைக் கல்யாணத்தில் கேட்டால், பெண் தலைக்கும் மாலைக்கும் மட்டும் அதை வைத்துக்கொண்டு, மற்ற இடத்துக்குக் காக்கரட்டான், பிச்சி, சம்பங்கி என்று மாற்றச் சொல்லுங்கள். தூரத்தில் தொங்கும் சரத்தில் யாரும் மொட்டை எண்ணிப் பார்க்கப் போவதில்லை. பெண்ணின் தலையில் இருப்பதைத்தான் பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள், முகர்வார்கள்.

ஆறு மாதம் முன்னால் பேசும் கல்யாணத்துக்கு அன்றைய பூ விலையில் கணக்குக் கொடுக்காதீர்கள். "இன்ன பூ கிடைக்காவிட்டால் அல்லது விலை இந்த அளவைத் தாண்டினால், அதே நிறத்தில் இன்ன பூ" என்று மாற்றுப் பூவின் பெயரோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

5. எங்கே வாங்குவது, எப்படிப் பார்ப்பது

உதிரிப் பூவுக்கு மதுரை மாட்டுத்தாவணிச் சந்தை. காரைக்குடியில் இருந்து விடியும் முன் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். நிலக்கோட்டை, திண்டுக்கல் சந்தைகள் இன்னும் தள்ளி. திருச்சியும் ஏறக்குறைய மதுரை தூரம்தான். பக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் இருக்கிறது. சுற்றுக் கிராமங்களில் விளையும் பூ அங்கேயே ஏலத்துக்கு வரும். சிறிய வேலைகளுக்கு அதுவே போதும். டச் ரோஸ், ஜெர்பரா, கார்னேஷன் எல்லாம் ஓசூர்ப் பக்கத்தில் இருந்து பெட்டியில் வரும். டச் ரோஸ் ஒரு கட்டு 20 தண்டு, ஜெர்பரா ஒரு கட்டு 10. கட்டுக் கணக்கில் யோசித்தால்தான் மிச்சம் விழாது.

ஒரே கடையில் தொடர்ந்து வாங்குங்கள். ஐந்து ரூபாய் குறைவுக்காகக் கடை மாற்றுபவருக்கு, முகூர்த்த நாளில் சரக்கு இல்லாதபோது யாரும் எடுத்துவைக்க மாட்டார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவை. மல்லி மொட்டு கெட்டியாக, வெள்ளையாக, ஈரம் சொட்டாமல் இருக்க வேண்டும். தண்ணீர் தெளித்து எடை ஏற்றிய பூ சாயங்காலத்துக்குள் பழுத்துவிடும். ரோஜாவைக் காம்புக்கு மேலே இதழ் சேரும் இடத்தில் லேசாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் புதிது, மெத்தென்று இருந்தால் பழையது. சம்பங்கியில் அடிப்பூ விரிந்து நுனி மொட்டாக இருக்க வேண்டும். தாமரையை மொட்டாகவே வாங்கி, விரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. பூவின் நேரம்

மல்லியைப் பறிப்பது விடியற்காலையில், மொட்டாக. அது விரிவது அன்று சாயங்காலம். காலை 9 மணி முகூர்த்தத்துக்கு அன்றைய பூ வந்து சேராது, முந்தின நாள் பூதான் கிடைக்கும். அதை விரியவிடாமல் வைத்திருப்பதுதான் வேலை. தெர்மாகோல் பெட்டியின் அடியில் பனிக்கட்டியைப் பையில் கட்டிப் போட்டு, மேலே செய்தித்தாள், அதன் மேல் ஈரத்துணியில் சுற்றிய பூ. பனிக்கட்டி பூவைத் தொடக் கூடாது, தொட்ட இடம் பழுப்பாகிவிடும்.

தண்டுப் பூக்களுக்குக் குறைந்தது ஓர் இரவாவது தண்ணீர் குடிக்க நேரம் கொடுங்கள். பெட்டியைத் திறந்ததும் அடி இலைகளை எடுத்துவிட்டு, தண்டைச் சாய்வாக நறுக்கி, சுத்தமாகக் கழுவிய வாளியில் வையுங்கள். அழுக்கு வாளிதான் ரோஜாவைக் கொல்கிறது. ஜெர்பராவுக்கு நாலு விரற்கடைத் தண்ணீர் போதும். நிறைய ஊற்றினால் தண்டு அழுகும். ஆர்க்கிட், ஆந்தூரியம் இரண்டும் வெப்பநாட்டுப் பூக்கள். ரோஜாவோடு சேர்த்துக் குளிர்பெட்டியில் வைத்தால் கறுத்துவிடும். அவற்றை நிழலான அறையில் வைத்தாலே போதும்.

ஓயாசிஸ் பஞ்சைத் தண்ணீரின் மேல் வைத்துவிட்டு அது தானாக அமிழும் வரை காத்திருங்கள். கையால் அமுக்கினால் நடுவில் காற்று நின்று, அந்த இடத்தில் குத்திய பூ மட்டும் வாடும். முடிந்தவரை பஞ்சே இல்லாமல் செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள். உருளிக்குள் கோழிவலையைச் சுருட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றினால் தண்டு நன்றாக நிற்கும், வலையை மறுபடியும் பயன்படுத்தலாம். பஞ்சு என்பது மக்காத பிளாஸ்டிக், ஒருமுறை குத்தினால் அவ்வளவுதான்.

காலை 9 மணி முகூர்த்தம் என்று வைத்துக்கொண்டால் வரிசை இப்படிப் போகும். இரண்டு நாள் முன்பு தண்டுப் பூ வந்து வாளிக்குப் போகும், அன்றே சட்டமும் துணியும் வீட்டுக்குப் போய்விடும். முந்தின நாள் காலை சந்தைப் பூ. மதியம் இலை வேலை. ஏரிகா, காமினி, மாவிலை எல்லாம் வெயிலுக்கு அஞ்சாது. சாயங்காலம் செண்டு, செவ்வந்திச் சரங்கள் ஏறும். மாப்பிள்ளை அழைப்பு அன்று இரவு என்றால் முகப்பு மட்டும் அதற்குள் முழுதாக முடிந்திருக்க வேண்டும். இரவு பத்துக்கு மேல் மணவறையில் தண்டுப் பூ. மாலையும் தலைப்பூவும் நள்ளிரவுக்கு மேல். விடியற்காலை வாழைமரம், குருத்தோலைத் தோரணம், உருளித் தாமரை. குருத்தோலையை நல்ல காரியத்துக்கு மடிப்பதும் துக்கத்துக்கு மடிப்பதும் வேறு வேறு. தெரிந்த பெரியவர் ஒருவரை வைத்தே கட்டுங்கள். 7 மணிக்கு உங்கள் ஆட்கள், ஏணி, வாளி எல்லாம் கண்ணில் இருந்து மறைந்துவிட வேண்டும்.

7. மாலை

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண் கழுத்தில் கழுத்திரு ஏறும். கனமான, நுணுக்கமான தங்க வேலை அது. அதன் மேல் இரண்டு கிலோ ரோஜா மாலையைப் போட்டால் பெண்ணுக்குக் கழுத்து வலி, நகையும் தெரியாது. மாலையை மெல்லியதாக, இரண்டு பக்கமும் விலகி விழும்படி கட்டுங்கள். உள்ளே கம்பி வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் முனையை மடக்கித் துணி சுற்றுங்கள், இல்லாவிட்டால் நகையிலோ பட்டிலோ மாட்டும். மாலையின் பின்பக்கம் முழுக்க ஒரு மெல்லிய துணிப்பட்டை வைத்துத் தைத்துவிட்டால் இதழின் ஈரமும் சாயமும் பட்டுப் புடவையில் இறங்காது. மாலைக்குக் கடைசி ஒரு மணி நேரம் தண்ணீர் தெளிக்கக் கூடாது. லில்லி வைப்பதாக இருந்தால் நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டுகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். அந்தப் பொடி பட்டில் பட்டால் போகவே போகாது.

எப்போதும் ஒரு ஜோடி மாலை அதிகமாகக் கட்டிப் பெட்டியில் வையுங்கள். அதன் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

அரளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கோயில் மாலைகளுக்கு அரளி வழக்கம்தான், விலையும் குறைவு. ஆனால் அதன் பால், இலை, பூ எல்லாமே நஞ்சு. பந்தி நடக்கும் கட்டிலும், குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்திலும் அரளி வைக்காதீர்கள்.

8. கணக்கு

செலவை ஐந்தாகப் பிரித்து எழுதுங்கள்: பூ, மற்றச் சாமான், கூலி, வண்டி, கழிவு. எண்கள் முறையைக் காட்டுவதற்கு மட்டும். பூ 30,000 ரூபாய், இலை, நார், கயிறு, வலை 6,000, கூலி 12,000, குட்டி யானை வண்டிக்கும் சந்தைக்குப் போய்வரவும் 5,000. மொத்தம் 53,000. பூவில் பத்துக்கு ஒன்று உதிரும், நசுங்கும், அதற்கு 3,000 சேர்த்தால் 56,000. இதன் மேல் உங்கள் உழைப்பு, சாமான் தேய்மானம், லாபம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 சதவீதம் என்று வைத்தால் 16,800. நீங்கள் சொல்ல வேண்டிய தொகை 72,800. பேரம் பேசினால் லாபத்தில் குறைக்காதீர்கள், வேலையில் குறையுங்கள். "சரிங்கய்யா, முகப்புச் சரத்தை விட்டுவிட்டால் இவ்வளவு குறையும்" என்று சொல்லிப் பழகுங்கள். கூலியில் மட்டும் ஒருபோதும் கை வைக்காதீர்கள்.

பாதித் தொகையை முன்பணமாகவும், சந்தைக்குப் போகும் முன் கால் பங்கையும் வாங்கிவிடுங்கள். சந்தையில் கடன் சொல்லி முகூர்த்தப் பூ வாங்க முடியாது.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், முதல் வேலை முடிந்ததுமே செய்துவிடுங்கள். சேவை வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். வங்கிக் கடன் வேண்டுமென்றால் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம். சட்டம், வாளி, பெட்டி வாங்க அது போதும்.

9. உங்களோடு வேலை செய்பவர்கள்

பூக்கட்டும் பெண்கள் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. இரவெல்லாம் கண் விழித்துக் கட்டுகிறவர்கள் அவர்கள்தான். முழக் கணக்கா, கிலோ கணக்கா, இரவுக் கணக்கா என்று முன்பே பேசி, வேலை முடிந்த காலையிலேயே பணத்தைக் கையில் கொடுங்கள். கல்யாண வீட்டார் பாக்கி வைத்தார்கள் என்று அவர்களிடம் சொல்லக் கூடாது. தரையில் உட்கார மெத்தை விரிப்பு, நல்ல வெளிச்சம், இரவுச் சாப்பாடு, இரண்டு முறை டீ, பெண்கள் பயன்படுத்தத் தனிக் கழிப்பறை ஆகியவற்றை வீட்டாரோடு எழுதும் ஒப்பந்தத்திலேயே சேருங்கள். விடியற்காலையில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட வண்டியும் உங்கள் செலவு. இதைச் சரியாகச் செய்பவருக்குத் தை மாதத்திலும் கை கிடைக்கும்.

10. கல்யாணம் முடிந்த பின்

எப்போது கழற்றலாம் என்று கேட்டுவிட்டே கழற்றுங்கள். மறுநாள் வரை சில சடங்குகள் இருக்கும், அதுவரை தோரணத்தைத் தொடக் கூடாது. கழற்றும்போதே நான்கு சாக்கு வையுங்கள். மக்கும் பூவும் இலையும் ஒன்றில், அரளி மட்டும் தனியாக ஒன்றில், கம்பி, வலை, துணி ஒன்றில், பஞ்சும் பிளாஸ்டிக்கும் ஒன்றில். வாடிய மாலைகளை மாட்டுக்குப் போடச் சொல்லிப் பக்கத்து வீட்டார் கேட்பார்கள். அரளி கலந்திருந்தால் ஒரு மாலை கூடக் கொடுக்காதீர்கள், மாடும் ஆடும் செத்துவிடும். வாழைமரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

எதையும் ஊரணியில் கொட்டவிடாதீர்கள். வற்றாத ஆறு இல்லாத இந்தச் சீமையில் மழைத் தண்ணீரைச் சேர்த்து வைக்க முன்னோர் வெட்டியவை அவை. ஒரு வண்டிப் பூ அழுகினாலே தண்ணீர் நாறிவிடும், பஞ்சுத் தூள் கலந்தால் எடுக்கவே முடியாது. குப்பை எங்கே போகிறது என்பதை வண்டிக்காரரிடம் விடாமல் நீங்களே பின்னால் போய்ப் பாருங்கள்.

தரையை ஈரத்துணியால் துடைத்து, வடிகால் வலையை எடுத்து, முன்பு எடுத்த படங்களோடு ஒப்பிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் காட்டுங்கள். கடன் வாங்கிய உருளியையும் தவலையையும் கழுவித் துடைத்து எண்ணிக் கொடுங்கள். படம் எடுத்து உங்கள் பக்கத்தில் போடுவதாக இருந்தால், வீட்டின் உட்புறமும் பெண்ணின் நகையும் தெரியும் படங்களுக்குத் தனியாக அனுமதி கேளுங்கள். பலர் மறுப்பார்கள், அது அவர்கள் உரிமை. மீதிப் பணத்தை அன்றே, அந்த வீட்டிலேயே வாங்கிவிடுங்கள். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் அவரவர் ஊருக்கு விமானம் ஏறிவிடுவார்கள், அப்புறம் கேட்டு வாங்குவது உங்களுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம்.